முதல் தாளில் நின்ற பெயர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன்.

இந்தப் பத்தியில் உங்களோடு எதை எதையோ பேசியிருக்கிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டது, மீன் குழம்பு பொங்கி அடுப்பை அணைத்தது, என் வீட்டுக்காரர் தன் சைக்கிளைப் பக்கத்து புளோக்கில் நிறுத்திவிட்டுத் திருடு போய்விட்டது என்று போலீஸ் வரைக்கும் போனது... அதையெல்லாம் எழுதிய கைக்கு இது மட்டும் வரவில்லை.

காரணம், இது என் கதை மட்டும் இல்லை. இதில் இன்னொரு பெண் இருக்கிறாள். எழுதினால் அவளுக்கு வலிக்கும். எழுதாவிட்டால் வேறு யாருக்கோ இதே மாதிரி நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே வாயைத் திறந்தாள்.

பூசை முடிந்து நானும் பிலோமினாவும் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேக்கா உணவுக்கடையில் எப்படியோ ஒரு மேசை பிடித்து, தே ஹாலியா என்கிற இஞ்சி டீ வாங்கி உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் இரண்டு தம்பிகள். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஒருவன் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று தலையில் கை வைத்தான்.

"டேய், பாதிலயே போயிருச்சுடா."

"என்னடா அனுப்புன?"

"'அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்ல எனக்கு மனசில்ல'ன்னு அம்மாவுக்கு எழுத வந்தேன். 'அந்தப் பொண்ணு வேணாம்'ல போயிருச்சு."

கூட இருந்தவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "விடு மாப்ள. இந்நேரம் ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துருப்பாங்க." இவன் ஊருக்குப் போன் போட்டபடியே எழுந்து வெளியே ஓடினான்.

நானும் சிரித்துவிட்டேன். பிலோமினா சிரிக்கவில்லை. கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"எழுதேன் செலின்," என்றாள்.

"எதை?"

"அதைத்தான். யாராவது ஒருத்தர் விரலாவது நிக்கட்டும். ஆனா ஒண்ணு... உள்ளத உள்ளபடி எழுது. என்னைய நல்லவளாக் காட்டாத."

ஆகவே, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

எங்கள் ஆலயத்தில் ஒரு தமிழ் ஜெபக்குழு இருக்கிறது. நான் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவள். எனக்கு அந்தக் குழுதான் பள்ளிக்கூடம். வாராவாரம் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர்கள் வரும். நோயில் கிடப்பவர்கள், அந்த வாரம் இறந்தவர்கள். அந்தப் பெயர்களைச் சேர்த்து, கணினியில் அடித்து, பூசைக்குமுன் பீடத்தில் வைப்பது பிலோமினாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவளாக எடுத்துக்கொண்டது.

அதே பெயர்களை எல்லோருக்கும் மெயிலிலும் அனுப்புவாள். வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. காலை வணக்கப் பூக்களும், கட்சிச் சண்டையும், கருவாட்டு விற்பனையும் வந்து... 'இனிமேல் மெயில் மட்டும்' என்று பங்குச் சாமியார் மூடிவிட்டார்.

பிலோமினாவுக்கு ஒரு வழக்கம். உயிரோடு இருப்பவர் பெயரும் இறந்தவர் பெயரும் ஒரே தாளில் வரக் கூடாது. நோயாளியின் வீட்டார் அந்தத் தாளைப் பார்த்தால், கீழே இறந்தவர் பெயர் இருந்தால், மனம் என்ன பாடுபடும்? அதனால் முதல் தாளில் நோயாளிகள். இரண்டாம் தாளில் மறைந்தவர்கள். தலைப்பு எதுவும் போடமாட்டாள். தாள்தான் தலைப்பு. படிக்கிறவருக்கும் தெரியும், கேட்கிற எங்களுக்கும் தெரியும்.

கணினியில் ஒரு தாளை முடித்து அடுத்த தாளுக்குப் போக அவள் ஒரு குறுக்குவழி கற்றுவைத்திருந்தாள். கன்ட்ரோல் பட்டனைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்ட வேண்டும். சட்டென்று புதுத் தாள் வந்துவிடும். துவாஸில் ஒரு சரக்கு கம்பெனியில் நாளெல்லாம் டைப் அடிக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள்.

இப்படியே வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு மூச்சு திணறியது. முன்பு பஸ் ஓட்டியவர். ஒரு நாள் தலைவலி என்று படுத்தவர் இல்லை. ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது, ஐசியுவில் வைக்க வேண்டும் என்றார்கள்.

நான் செய்த முதல் காரியம், பிலோமினாவுக்கு ஒரு மெசேஜ். 'இவருக்காக எல்லோரையும் ஜெபிக்கச் சொல்.' கேட்டது நான்தான். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

அதே காலையில் ஹவ்காங்கில் எங்கள் குழுவின் ரோசம்மா ஆன்ட்டி இறந்துபோனார். ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தவர். உடலை அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைக்கப்போகிறார்கள், நேரத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியும் பிலோமினாவுக்குத்தான் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். அவள் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. வழக்கமாக முதலில் தாளில் அடித்து, பிறகு அதை மெயிலில் இணைப்பாள். அன்று அவசரம். நேராக மெயிலிலேயே அடித்தாள். முகவரிகளை முதலில் போட்டாள். மேலே, விஷயம் என்ற இடத்தில், ரோசம்மா ஆன்ட்டியை நினைத்து 'மறைந்த ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்' என்று எழுதினாள். பிறகு அவள் வழக்கப்படி நோயாளியிலிருந்து ஆரம்பித்தாள்.

'நம் சகோதரர் அருளப்பன், செங்காங். மனைவி செலினுக்காகவும் மகள் ஸ்டெல்லாவுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.'

அடுத்தது இறந்தவர். அடுத்த தாள்.

விரல்கள் கன்ட்ரோலையும் என்டரையும் தட்டின.

தாளில் அது புதுப் பக்கம் கொண்டுவரும். மெயிலில்... அனுப்பிவிடும்.

எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. விரலுக்குப் பழக்கம் தெரியும். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாது.

எழுதிக்கொண்டிருந்தது திரையிலிருந்து காணாமல் போனது. அழிந்துவிட்டது என்று நினைத்தாள். திரையின் ஓரத்தில் 'அனுப்பப்பட்டது. திரும்பப் பெறவா?' என்று ஒரு சின்னப் பட்டை வந்து போயிருக்கும். அவள் அதைப் பார்க்கவில்லை. மறுபடி எழுத உட்கார்ந்தபோது மேலாளர் கூப்பிட்டார். லாரி வந்து நிற்கிறது என்றார். கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டுக் கீழே கிடங்குக்கு இறங்கிப் போய்விட்டாள்.

குழுவில் எல்லோரும் படித்தார்கள். மேலே 'மறைந்த ஆன்மா'. கீழே ஒரே ஒரு பெயர்.

ஒருவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று பதில் போட்டார். இன்னொருவர், 'காலையில் அவர்கள் புளோக்கில் ஆம்புலன்ஸைப் பார்த்தேன், அப்போதே மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது' என்றார். மூன்றாமவர், 'ஹார்ட் அட்டாக்காம்' என்றார். யார் சொன்னது? தெரியாது. ரோசம்மா ஆன்ட்டி வீட்டுச் செய்தி பெயரில்லாமல் வேறு வழியில் காதுக்கு வந்திருந்த இன்னொருவர், 'உடல் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைக்கப்படும், மாலையில் ஜெபம்' என்று சேர்த்தார்.

யாரும் பொய் சொல்லவில்லை. பாதியாக வந்ததை அன்போடு முழுசாக்கினார்கள். அவ்வளவுதான்.

அந்த மெயிலும் அதற்கு வந்த பதில்களும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஸ்டெல்லாவுக்கும் போயின. ஊரின் நினைவு வரட்டுமே என்று அவள் பெயரையும் குழுவில் போட்டு வைத்தவள் நான்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றே நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பாள், இல்லையா?

அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். என் கைபேசி பைக்குள், சத்தம் அணைத்து, ஐசியு வாசலில் பூட்டுப் பெட்டிக்குள் இருந்தது. பிலோமினாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அது மேசையில் தனியாக அடித்து ஓய்ந்தது. அதற்குமேல் என் பெண் யாரையும் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டாள்.

உள்ளே, அவளுடைய அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"வீட்ட பூட்டுனியா?"

கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். பெட்டியைத் திறந்து கைபேசியை எடுத்தால், திரை நிறைய அழைப்புகள். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பிலோமினா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"செலின்... அருள் அண்ணன் போயிட்டாராமே. எல்லாருக்கும் சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டியே."

ஆமாம். கிடங்கிலிருந்து திரும்பி வந்தவள், குவிந்திருந்த அனுதாபங்களைப் பார்த்து, தானும் நம்பிவிட்டாள்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றேன். "இப்பத்தான் கண்ணத் தொறந்து என்கிட்ட பேசினாரு."

அந்தப் பக்கம் மௌஸைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மெயில்களில் கீழே கீழே இறங்கிப் போகிறாள் என்று புரிந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. யாரோ வயிற்றில் குத்தினால் வருமே, அந்த மாதிரி.

"நான்தான் அனுப்பிருக்கேன்," என்றாள்.

உடனே ஒரு திருத்தம் அனுப்பினாள். அவசரத்தில், 'முந்தைய மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம், மன்னிக்கவும்' என்று மட்டும். யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்தார், ஒரு பெயரும் இல்லை. அடக்கத்தின் நேரம் மாறிவிட்டது போல என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

நான் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் ஆகாயத்தில் இருந்தாள்.

அந்தப் பயணத்தை இன்றைக்கும் நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் வரை, பக்கத்தில் அறிந்த முகம் இல்லாமல், அப்பா இல்லை என்று நம்பிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து வந்தாள்.

இறங்கியவள் கைபேசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, வீட்டுக்கும் ஏறவில்லை. கீழ்த்தளத்தில் உடல் என்றுதானே எழுதியிருந்தது? டாக்ஸியிலிருந்து பையோடு இறங்கி எங்கள் புளோக்கின் கீழே நின்று தேடியிருக்கிறாள். வெள்ளைத் துணி இல்லை. நாற்காலிகள் இல்லை. கல் மேசையில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாப்பா சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தது. அந்தச் சாதாரணமான மாலை அவளுக்கு இன்னும் பயமாக இருந்ததாம். அதற்குள் கொண்டுபோய்விட்டார்களா என்று.

அப்போது பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி குப்பை போட இறங்கி வந்தார். எங்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்திருந்தேன். சற்று முன்தான் போனில் பேசியிருந்தேன்.

"ஸ்டெல்லா ஆ? கம் பேக் ஆல்ரெடி? டோன்ட் வொரி லா. யுவர் பாப்பா கேன் டிரிங்க் போரிட்ஜ் ஆல்ரெடி."

அப்பா கஞ்சி குடித்துவிட்டார்.

என் மகள் அந்தச் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லிம் ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவமனைக்கு வந்தவளைப் பார்த்து அவளுடைய அப்பா கேட்டார்: "என்ன, லீவா?"

அவள் போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. சூடு இருக்கிறதா என்று பார்த்தபடியே இருந்தாள்.

மறுநாள் பிலோமினா வந்தாள். கையில் ஃபிளாஸ்க், கோழி சூப். வார்டுக்கு வெளியே, நடையிலேயே ஸ்டெல்லா அவளை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"ஆன்ட்டி, ஃப்ளைட்ல நான் டாடியப் புதைச்சுட்டேன். தெரியுமா? எந்தச் சட்டை போடணும்னுகூட யோசிச்சு முடிச்சுட்டேன்."

"தெரியாமத்தான்மா. புதுப் பக்கம்னு நெனச்சு..."

"சாரி சொல்லாதீங்க. நீங்க சாரி சொன்னா நான் ஓகே சொல்லணும். என்னால முடியாது."

பிலோமினா ஃபிளாஸ்க்கை வைக்க இடம் தேடினாள். ஒரு நாற்காலியில் வைத்தாள். போய்விட்டாள். நான் சுவரோடு நின்றிருந்தேன். கூப்பிடவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தேறினார். ஆனால் பிலோமினா பெயர்கள் எழுதுவதை விட்டாள். பூசைக்கு வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், இறுதி ஆசீர் முடிவதற்குள் கிளம்பிவிடுவாள். நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். காப்பி கொடுத்தாள், பேச்சை மாற்றினாள். பெயர்களை வேறொருவர் அடிக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லோரையும் ஒரே தாளில் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்துவிடுவார். நோயாளிக்கும் இறந்தவருக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு. அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் அவள் இத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது பெரிய தமாஷ். "நான் செத்தா யார் யார் அழுவாங்கன்னு உயிரோட இருக்கையிலயே பாத்துட்டேன். யார் யார் ஒரு வரிகூட எழுதலன்னும் பாத்துட்டேன்," என்பார். ஸ்டெல்லா எழுந்து போய்விடுவாள். அவளுக்கு அது ஒருநாளும் தமாஷாக இருந்ததில்லை.

ஒரு நாள் தமாஷ் இல்லாமல் சொன்னார். ஸ்டெல்லாவும் இருந்தாள். படிப்பு முடித்து வந்து கிளமெண்டியில் வேலை பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"இந்தாம்மா செலின். நான் நெஜமாப் போறப்ப பிலோமினாதான் அத எழுதணும்."

"என்ன பேச்சு இது," என்றேன்.

"பாதி எழுதி வச்சிருக்கால்ல? மிச்சத்தையும் அவதான் எழுதணும்."

ஸ்டெல்லா தட்டில் கையைக் கழுவினாள்.

இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு காலை. காப்பி கேட்டார். போட்டுக்கொண்டு வந்தேன். பால்கனி நாற்காலியில் வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பியை வாங்கவில்லை.

உங்களில் பலர் ஆறுதல் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் வாசித்தேன். கர்த்தர் கொடுத்தார், எடுத்துக்கொண்டார். சொல்ல முடிகிறது. பழக இன்னும் முடியவில்லை.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். டாக்டர் வந்தார், சாமியார் வந்தார், செய்ய வேண்டியதெல்லாம் ஆனது. "எல்லாருக்கும் நான் மெயில் போட்டுடறேன் மம்மி," என்று கணினியைத் திறந்தாள்.

நான் அவளையே பார்த்தேன். அப்பா கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கணினியைத் தள்ளி வைத்தாள். பிறகு கைபேசியை எடுத்து அவளே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி... டாடி போயிட்டாங்க." ஒரு மூச்சு விட்டாள். "இந்தத் தடவ நெஜமாவே. நீங்க வந்து எழுதணும்னு டாடி சொல்லிருக்காங்க." மறுபடி ஒரு மூச்சு. "நானும் சொல்றேன்."

பிலோமினா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து மண்டியிட்டு ஜெபித்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் கணினிமுன் உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"எனக்குக் கை வராதும்மா."

"வரும் ஆன்ட்டி. யாருக்கு அனுப்பறதுங்கற இடம் காலியா இருக்கு பாருங்க. அட்ரஸ் இல்லாம எந்த மெயிலும் எங்கயும் போவாது. நீங்க என்ன கீ வேணா தட்டுங்க. கடைசில நான் போடறேன்."

ஸ்டெல்லா இன்னும் சிலவற்றைச் செய்தாள். அமைப்புகளுக்குள் போய், அந்தக் குறுக்குவழிகளை அணைத்து வைத்தாள். அனுப்பிய பிறகும் சற்று நேரம் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. அதை முடிந்த அளவுக்கு நீட்டி வைத்தாள். ஒவ்வொன்றையும் பிலோமினாவுக்குக் காட்டிக் காட்டிச் செய்தாள். பாடம் சொல்கிற மாதிரி இல்லை. மன்னிப்பைக் கேட்கவும் கொடுக்கவும் வேறு வார்த்தை தெரியாத மாதிரி.

பிலோமினா அடிக்க ஆரம்பித்தாள்.

'நம் சகோதரர் அருளப்பன், செங்காங்...' அந்தப் பழைய வரி. அதற்குமேல் இந்த முறை எழுதினாள். எப்போது இறந்தார், எங்கே உடல், எப்போது ஜெபம், அடக்கத் திருப்பலி எங்கே. முடித்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ஸ்டெல்லா முகவரிகளைப் போட்டாள். சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து அனுப்புகிற பட்டனைத் தட்டினார்கள்.

சற்று நேரத்தில் என் கைபேசி அடித்தது. குழுவில் ஒரு தம்பி.

"அக்கா, ஒரு மெயில் வந்துருக்கு... இதுவும் அன்னைக்கி மாதிரிதானே? தப்பா வந்ததுதானே?"

அவன் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

அவனுக்குப் பிறகு இன்னும் சிலர் அதையே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் "இல்லப்பா, இது சரிதான்" என்று சொன்னேன். அன்றைக்கு அந்தத் தவறான மெயிலுக்காக எவ்வளவு அழுதோம். இன்றைக்கு இதுவும் தவறாக இருந்துவிடக் கூடாதா என்று எல்லோரும் ஏங்கினோம். தவறாக வந்த மரணச் செய்தி எவ்வளவு பெரிய கொடை என்று, சரியாக வந்த பிறகுதான் தெரிகிறது.

அந்த ஞாயிறு பீடத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. தனித்தனியாக. இரண்டாம் தாளில் அவர் பெயர். பிலோமினாதான் அடித்திருந்தாள். புதுத் தாளுக்குப் போக அதே இரண்டு பட்டன்களைத்தான் தட்டினேன் என்றாள். இந்த முறை சரியான இடத்தில்.

அதிலிருந்து நான் எந்த மெயில் எழுதினாலும் முகவரியைக் கடைசியில்தான் போடுகிறேன். கறிக்கடைக்காரருக்கு எழுதினாலும் அப்படித்தான். ஒரு பெயர், ஒரு சாவு, ஒரு நோய், ஒரு கல்யாணம் என்று ஏதாவது அதில் இருந்தால், வாய்விட்டு ஒருமுறை வாசிக்கிறேன். தப்பாகப் போய்விட்டால் 'பொருட்படுத்த வேண்டாம்' என்று மட்டும் எழுதி விடுவதில்லை. எது தப்பு, எது சரி, பெயரோடு எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்தால், தேக்காவில் ஆறிப்போன தே ஹாலியாவின் முன்னால் பிலோமினா என்னிடம் கேட்டது நிறைவேறும்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். ஆனால் ஒன்றையும் கூட்டாதீர்கள், ஒன்றையும் குறைக்காதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு வரி சேர்க்க வேண்டாம். நீளமாக இருக்கிறதே என்று வெட்டவும் வேண்டாம். முழுசாக அனுப்புங்கள்.

பாதியில் நிறுத்தினால், பிலோமினா இன்னும் அந்த மருத்துவமனை நடையில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருப்பாள்.